மலையேறும் எலும்பும் முதுமையுறும் மச்சையும்

ஊவா மாகாணத்துத் தேயிலை மலையிற் கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி சரிவில் ஓரடி இறங்கும்போது, அவளுடைய காலெலும்பு சற்றே குறுகி மறுகணம் தன் பழைய நீளத்தை அடைகின்றது. கல்லை நிகர்த்த கடினப் பொருள் என்று பலரும் எண்ணியிருக்கும் எலும்பு இவ்வாறு வளைந்து கொடுக்கும் என்றால் வியப்பாகவே தோன்றும். ஆயினும் இது அளந்து கண்ட உண்மை. சமதரையில் மெல்ல நடக்கும்போது எலும்பின் நீளத்தில் உண்டாகும் மாற்றம் பத்தாயிரத்தில் சில பங்குதான். மேடும் பள்ளமுமான நிலத்தில் வளைந்து வளைந்து ஓடும்போது அது ஏறக்குறைய ஆயிரத்தில் இரண்டு பங்கை எட்டுகின்றது. காலெலும்பிலேயே நுண்ணிய அளவுமானிகளைப் பொருத்திச் செய்யப்பட்ட ஓர் ஆராய்ச்சி 1996-இல் இதனைக் காட்டிற்று. 40 சென்றிமீற்றர் நீளமுள்ள எலும்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. விரல் நகத்தின் தடிப்பளவு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சிற்றசைவைத்தான் எலும்பினுள்ளும் அதன் மச்சையிலும் வாழும் உயிர்க்கலங்கள் செவிகொடுத்துக் கேட்கின்றன. வயது ஏற ஏற அக்கலங்களின் செவி மந்தமாகின்றது. அது எவ்வாறு நிகழ்கின்றது, அதனால் மலைநாட்டு முதியோருக்கு நேர்வது யாது என்பனவே இங்குக் கூறப்புகுந்த பொருள்.

பதுளை நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் அமைந்தது. அதன் அருகே நிற்கும் நமுனுகுல மலையின் உச்சி 2036 மீற்றர். கொழும்பிலிருந்து மலையேறி வரும் புகையிரதப் பாதை 1924-இல் வந்து முடிந்த இடமும் பதுளையே. பசறை, மடுல்சீமை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை எனப் பரந்து கிடக்கும் தோட்டங்களிற் சமதரை என்பது அரிய பொருள். பெரட்டுக்களத்திலிருந்து மலைக்கு ஏற்றம். மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு இறக்கம். லயத்திலிருந்து பீலிக்கரைக்குப் படிகள். 1869-இற் கோப்பிச் செடியைப் பிடித்த இலைநோய் அப்பயிரை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பிடித்த காலந்தொட்டு, தலைமுறை தலைமுறையாக மக்கள் இச்சரிவுகளில் ஏறி இறங்கியே வாழ்ந்துள்ளனர்.

ஆதலின் மலையிலே உழைத்த உடம்புக்கு எலும்புத் தேய்வு வராது என்று தோட்டப்புறங்களிற் சொல்வாருண்டு. இதற்கு நேர் எதிராக, கூடை சுமந்து சுமந்தே முதுகு கூனிவிட்டது என்பாரும் உண்டு. இரு கூற்றிலும் பாதி உண்மை இருக்கின்றது. மற்றப் பாதி மச்சைக்குள் மறைந்து கிடக்கின்றது.

எலும்புக்கும் அது தாங்கும் பாரத்துக்கும் உள்ள உறவை முதலிற் கூர்ந்து நோக்கியவர்களுள் ஒருவர் மருத்துவரே அல்லர். பாலங்களையும் பாரந்தூக்கிகளையும் வரைந்த பொறியியலாளர். சூரிச் நகரில் ஆசிரியராக இருந்த கூல்மன் என்பவர் 1860-களில், உடற்கூற்று அறிஞர் மேயர் காட்டிய தொடையெலும்பின் குறுக்குவெட்டைக் கண்டார். எலும்பின் தலைப்பகுதியில் மெல்லிய தட்டுகளும் கம்பிகளும் ஒழுங்காக வளைந்து ஓடின. வளைந்த கழுத்துடைய பாரந்தூக்கி ஒன்றில் விசை செல்லும் வழிகளும் அவ்வாறே ஓடும் என்பதை அவர் உடனே உணர்ந்தார். பின்னர் பேர்லின் நகரச் சத்திரவைத்தியர் யூலியஸ் வொல்ஃப் 1892-இல் ஒரு நூல் வெளியிட்டு, எலும்பு தன்மீது விழும் பாரத்துக்கு ஏற்பத் தன் வடிவையே மாற்றிக்கொள்ளும் என்று நிறுவினார். பாரம் கூடிய இடத்தில் எலும்பு தடிக்கும். பாரம் நீங்கிய இடத்திற் கரையும். விண்வெளியிற் பாரமின்றி மிதக்கும் வீரர்கள் இடுப்பெலும்பின் தாதுப்பொருளில் மாதந்தோறும் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கை இழக்கின்றனர் என்பது இதற்குப் பிற்காலம் தந்த சான்று.

ஆனால் பாரத்தை அறிவது யார்? எலும்பைக் கட்டுவது யார்? வொல்ஃப் இதற்கு விடை கூறவில்லை. அவர் காலத்தில் அதை அறியும் வழியும் இல்லை.

எலும்பை முறித்துப் பார்த்தால் உள்ளே செந்நிறமாகவோ மஞ்சளாகவோ காணப்படும் மென்பொருளே மச்சை. பிறந்த குழந்தையின் எலும்புகளில் அது பெரும்பாலும் செம்மச்சை. குருதியின் கலங்கள் யாவும் அங்கேதான் பிறக்கின்றன. வளர்ந்த மனிதருள் நாளொன்றுக்கு ஏறக்குறைய இருபதினாயிரம் கோடிச் செங்கலங்கள் மச்சையிலிருந்து வெளிப்படுகின்றன. வயது செல்லச் செல்லக் கைகால்களின் நீண்ட எலும்புகளில் உள்ள மச்சை கொழுப்பேறி மஞ்சளாகின்றது. முள்ளந்தண்டு, இடுப்பு, மார்பு, விலா ஆகிய இடங்களிற் செம்மச்சை நிலைத்து நிற்கின்றது.

குருதிக்குத் தாயாகிய கலங்களோடு வேறொரு குடியும் மச்சையில் வாழ்கின்றது. 1960-களிலும் 1970-களிலும் மொஸ்கோவில் ஆராய்ந்த அலெக்சாந்தர் ஃபிரீடன்ஸ்ரைன் மச்சையை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார். பெரும்பாலான கலங்கள் மிதந்து ஒழிய, மிகச் சில மட்டும் தட்டிற் பற்றிக்கொண்டு குடியிருப்புகளாகப் பெருகின. அவற்றை விலங்கின் உடலிற் பதித்தபோது எலும்பு உண்டாயிற்று. இவற்றை மூலக்கலங்கள் என்று கூறலாம். நிலைமை எவ்வாறோ அவ்வாறு, இவை எலும்பைக் கட்டும் கலமாகவும் மாறலாம். கொழுப்பைச் சேர்த்துவைக்கும் கலமாகவும் மாறலாம். கூலிக்கு வந்த ஒருவனைக் கொத்து வேலைக்கும் அனுப்பலாம், களஞ்சியத்துக்கும் அனுப்பலாம் என்பது போன்றது இது. ஒரு பக்கம் சென்றவன் மறுபக்கம் இல்லை. எனவே, எலும்பு கட்டும் ஆட்கள் குறைவதும் கொழுப்பு கூடுவதும் பெரும்பாலும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். எலும்பு தேய்ந்தோரின் மச்சையிற் கொழுப்பு மிகுந்திருப்பதைப் பிரெஞ்சு மருத்துவர் மெனியே 1971-இலேயே எடுத்துக்காட்டினார்.

இம்மூலக்கலம் எந்தப் பக்கம் செல்வது என்பதைத் தீர்மானிப்பவற்றுள் விசையும் ஒன்று. 2006-இல் அமெரிக்காவிற் செய்யப்பட்ட ஓர் ஆராய்ச்சி இதனை அழகாக விளக்கியது. எங்லர், டிஷர் முதலியோரோடு இந்தியரான சமிக் சென்னும் அதிற் பங்கு கொண்டார். மூலக்கலங்களை மிக மென்மையான படுகையில் வளர்த்தால் அவை நரம்புக்கலத்தின் சாயலைப் பெற்றன. சற்று இறுகிய படுகையில் தசையின் சாயலைப் பெற்றன. இன்னும் இறுகியதில் எலும்பு கட்டும் கலத்தின் சாயலைப் பெற்றன. ஊட்டிய உணவோ ஒன்றுதான். காலடியில் உள்ள தரை கெட்டியா மென்மையா என்பதைக் கலம் தானே இழுத்துப் பார்த்து அறிந்துகொள்கின்றது. கலத்தினுள் நுண்ணிய நார்களாலான உட்சட்டகம் உண்டு. கூடாரத்தின் கயிறுகளைப் போல இந்நார்கள் கலத்தின் சுவரைப் பற்றி இழுத்து நிற்கின்றன. வெளியில் உண்டாகும் விசை இக்கயிறுகளின் வழியே கலத்தின் கருவரை செல்கின்றது.

கலத்தின் சுவரிலேயே விசையை அறியும் வாயில்களும் உண்டு. சுவர் இழுபடும்போது ஓர் வாயில் திறந்து கல்சியம் முதலிய மின்னேற்றத் துகள்களை உள்ளே விடுகின்றது. பீசோ ஒன்று எனப்படும் இவ்வாயிலைப் பெய்ரூட்டிற் பிறந்த ஆர்தெம் பட்டபூட்டியனின் குழுவினர் 2010-இற் கண்டறிந்தனர். 2021-இன் மருத்துவ நோபெல் பரிசு அவருக்கும் டேவிட் ஜூலியசுக்கும் கிடைத்தது. எலும்புக் கலங்களில் இவ்வாயில் இல்லாதவாறு வளர்க்கப்பட்ட சுண்டெலிகளின் எலும்புகள் மெலிந்து போயின. பாரம் ஏற்றினாலும் அவை நன்கு தடிக்கவில்லை. பாரம் இருந்தது, அதை அறிவிக்க வாயில் இல்லை.

இவற்றோடு, கட்டிய எலும்புக்குள்ளேயே அடைபட்டு வாழும் கலங்களையும் சேர்க்க வேண்டும். நுண்ணிய கால்வாய்கள் வழியே இவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. எலும்பு வளையும்போது இக்கால்வாய்களில் உள்ள நீர் அங்குமிங்கும் தள்ளப்பட்டுக் கலங்களை உரசிச் செல்கின்றது. உரசல் உணரப்பட்டால், எலும்பு கட்டுவதைத் தடுக்கும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தை இக்கலங்கள் குறைத்துக்கொள்கின்றன. தடை தளரவே, கட்டும் வேலை நடைபெறுகின்றது.

இனி முதுமைக்கு வருவோம். 1992-இல் அமெரிக்காவில் ரூபின் என்பவரும் துணைவரும் வான்கோழிகளின் சிறகெலும்பிற் பாரம் ஏற்றிப் பார்த்தனர். இளம் பறவைகளின் எலும்பு சில வாரங்களிற் குறிப்பிடத்தக்க அளவு தடித்தது. முதிய பறவைகளுக்கும் அதே பாரம், அதே எண்ணிக்கை, அதே காலம், எலும்போ அசையவில்லை. 1995-இல் எலிகளில் ஆராய்ந்த ரேணர் முதலியோர் இன்னொரு நுட்பத்தைக் கண்டனர். முதிய எலியின் எலும்பு முற்றாகச் செவிடாகிவிடவில்லை. இளைய எலி கேட்கும் மெல்லிய குரலை அது கேட்பதில்லை. உரத்து அழைத்தாற் கேட்கின்றது. கேட்ட பின்னும் அது செய்யும் வேலை குறைவே.

கலத்தினுள் நிகழ்வது யாது? 2009-இற் பேர்லினில், வொல்ஃப் வாழ்ந்த அதே நகரில், இளைய எலிகளின் மச்சைக் கலங்களையும் முதிய எலிகளின் மச்சைக் கலங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டனர். இளைய கலத்தின் உட்சட்டகம் ஓயாது பிரிந்து மீண்டும் கட்டப்படுகின்றது. முதிய கலத்தில் அந்த மாற்றம் மெதுவாகிவிட்டது. ஒட்சிசனால் விளையும் கேட்டைத் தாங்கும் ஆற்றலும் குறைந்திருந்தது. இழுபட்டால் இழுப்பைத் தெரிவிக்க வேண்டிய கயிறுகள் துருப்பிடித்த கம்பிகள் போலாயின என்று சொல்லலாம். மேலும் வயதானோரின் மச்சையில் மூலக்கலங்களின் எண்ணிக்கையும் பெருகும் ஆற்றலும் குறைகின்றன. இனிப் பெருக முடியாத, ஆயினும் மடியாத முதிய கலங்கள் சில, தம்மைச் சுற்றி அழற்சியூட்டும் பொருள்களைக் கசியவிட்டு அயற்கலங்களையும் கெடுக்கின்றன. எலும்பினுள் உள்ள நுண்கால்வாய்களும் குறைந்துபோகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஓமோன் குறைவதால் எலும்பை அரிக்கும் கலங்கள் கட்டவிழ்ந்து செல்கின்றன என்பது இவற்றுக்கு மேல் வந்து சேரும் துன்பம்.

முதியோரின் கலங்கள் எல்லாம் ஒரே அளவு மந்தமாகின்றன என்று கொள்ளற்க. வயதுக்கேற்ற வேறுபாடு சிறிதே என்று கண்ட ஆய்வுகளும் உள. ஒருவர் என்ன உண்டார், என்ன நோய்ப்பட்டார், எவ்வளவு அசைந்தார் என்பனவெல்லாம் மச்சையில் எழுதப்படுகின்றன.

இப்போது தேயிலை மலைக்குத் திரும்பலாம். எலும்பு எத்தகைய பாரத்துக்குச் செவிசாய்க்கும் என்பதே இங்கு முதன்மையான வினா. ரூபினும் லான்யனும் 1984-இல் வெளியிட்ட ஆய்வுகள் இரண்டு உண்மைகளைக் காட்டின. ஒன்று, அசையாது அழுத்திக்கொண்டே இருக்கும் பாரத்தால் எலும்பு வளர்வதில்லை. ஏறி இறங்கும் பாரத்தாலேயே வளர்கின்றது. மற்றொன்று, நாளொன்றுக்கு 36 முறை பாரம் ஏற்றினாலே பறவையின் சிறகெலும்பு தடித்தது. பல நூறு முறை ஏற்றியும் அதற்கு மேற் பயன் விளையவில்லை. ஒரே செய்தியை ஓயாமற் சொன்னாற் கலங்கள் சலித்துவிடுகின்றன. இடையிட்டுச் சொன்னால் மீண்டும் கேட்கின்றன.

கயிற்றைத் தலையில் மாட்டி முதுகிற் கூடையைத் தொங்கவிட்டு, நிரையில் நின்றபடி கொழுந்து கிள்ளும் பெண்ணின் கழுத்தெலும்பு தாங்குவது பெரும்பாலும் அசையாப் பாரம். கூடை நிரம்ப நிரம்பத் தசையும் மூட்டும் களைக்கின்றன. எலும்புக்கு அதனாற் கிடைக்கும் செய்தி சொற்பம். அதே பெண் நிரையை முடித்துச் சரிவில் இறங்கும்போது இடுப்பும் தொடையும் பெறுவதோ ஏறி இறங்கும் பாரம். ஆதலின் மலையேற்றம் எலும்புக்கு உரம் தரும் என்பதும் மெய். கூடை தரும் என்பது அவ்வளவு மெய்யன்று. கவ்வாத்து வெட்டும் ஆடவர், முள்ளுக் குத்தும் ஆடவர் ஆகியோரின் கையெலும்புக்கு இந்தக் குறை இல்லை. ஓங்கி இறங்கும் ஒவ்வொரு வீச்சும் எலும்புக்கு ஒரு செய்தி.

இளமையிற் கிடைக்கும் செய்தி ஆழமாகப் பதிகின்றது. பின்லாந்தில் டென்னிஸ் முதலிய பந்தாட்டம் பயின்ற பெண்களை ஆராய்ந்து 1995-இல் வெளியிட்ட முடிவுப்படி, பூப்பெய்து முன்னரே ஆடத் தொடங்கியவர்களின் ஆடுங்கை எலும்பு, பிந்தித் தொடங்கியவர்களைவிட இரு மடங்குக்கு மேல் நன்மை பெற்றிருந்தது. எலும்பின் உச்சச் செல்வம் ஏறத்தாழ முப்பது வயதுக்குள் சேர்ந்துவிடுகின்றது. அதன் பின் செய்வது பெரும்பாலும் காத்தல் வேலையே. கட்டுவதற்குரிய கல்சியமும் புரதமும் குறைந்த உணவோடு வளர்ந்த சிறுமிக்கு மலை எவ்வளவு பயிற்சி தந்தாலும், ஆட்கள் வந்து நிற்க மண்ணும் கல்லும் வராத கட்டடத்தின் நிலையே.

தோட்ட வாழ்வில் மிகவும் கவனிக்க வேண்டிய காலம் ஓய்வுபெறும் காலம். நாற்பது ஆண்டு மலையில் ஏறி இறங்கியவர் ஒரு நாள் பெயர் வெட்டப்பட்டு லயத்து வாசலில் உட்காருகின்றார். உழைத்தது போதும் என்று பிள்ளைகளும் உட்காரச் சொல்கின்றனர். அன்பினாற் சொல்லும் சொல்தான்; ஆயினும் மச்சைக்கு அது தீய செய்தி. ஏற்கெனவே செவி மந்தமான கலங்களுக்குக் கேட்க ஒன்றுமே இல்லையென்றால் அவை கொழுப்பின் பக்கம் சாய்கின்றன. அதே வயதில் வறுமையால் நிறைகூடை தூக்கிச் செல்பவருக்கோ வேறு ஆபத்து. மெலிந்த முள்ளந்தண்டு எலும்பு, முன்னே குனிந்து பாரம் தூக்கும்போது நசுங்கிவிடக்கூடும். கூடை தந்த கூன் என்று பேசப்படுவதிற் சில, உண்மையில் இவ்வாறு நசுங்கிய எலும்புகளின் கூன். உயரம் குறைந்து வருவது அதன் அடையாளம். சில வேளை நோவுகூட இராது.

முதிய எலும்பை உரத்து அழைக்கலாமா? அவுஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தார் எலும்பு மெலிந்த நூற்றுக்கு மேற்பட்ட பெண்களைக்கொண்டு நடத்திய சோதனை 2018-இல் வெளிவந்தது. மாதவிடாய் நின்ற அப்பெண்களுள் ஒரு சாரார் வாரம் இருமுறை, அரை மணிநேரம், பயிற்றுநர் கண்காணிப்பிற் பளு தூக்கியும் குதித்திறங்கியும் எட்டு மாதம் பயின்றனர். வீட்டில் இலேசான பயிற்சி செய்த மற்றையோரின் முள்ளந்தண்டு எலும்பு தேய, இவர்களுடையது கூடிற்று. ஆனால் இதைக் கேட்டவுடன் தாமாகவே பளுத் தூக்கப் புகுவது தவறு. கண்காணிப்பு என்ற சொல்லே அச்சோதனையின் உயிர். மறுபுறம், மெல்ல அதிரும் பலகையில் நாள்தோறும் சிறிது நேரம் முதியோரை நிற்கவைத்து இரண்டு ஆண்டுகள் நடத்திய அமெரிக்கச் சோதனை 2015-இல் வெளிவந்தபோது, எலும்பில் நன்மை எதுவும் காணப்படவில்லை. இளம் எலிகளிற் பலித்த அந்த மெல்லிய அதிர்வு முதிய மனிதரிற் பலிக்கவில்லை. முன்னர்க் கண்ட செவிமந்தத்தோடு இது ஒத்துப்போகின்றது.

தோட்டத்து முதியவருக்கு இயலும் வழிகள் எளியன. கையூன்றாமல் இருக்கையிலிருந்து பலமுறை எழுந்து உட்காருதல், பிடித்துக்கொள்ள ஏதேனும் உள்ள இடத்திற் படி ஏறி இறங்குதல், காலையிற் சிறிது மாலையிற் சிறிது என்று பிரித்து நடத்தல் ஆகியவற்றால் இடுப்புக்கு ஏறி இறங்கும் பாரம் கிடைக்கின்றது. தசையும் விழாமற் காக்கின்றது. இடுப்பெலும்பு முறிவுக்கு எலும்பின் மெலிவைப் போலவே வழுக்கலும் காரணம். மழைக்காலத்துப் பாசிபடிந்த படியில் ஒரு கைபிடிக் கம்பி நாட்டுவது, மருந்துக்கடையில் வாங்கும் பலவற்றினும் மேலான எலும்புப் பாதுகாப்பு.

உணவில் ஊவா வறிய நாடன்று. சேனைகளில் விளையும் குரக்கன் நூறு கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அரிசியிலும் கோதுமை மாவிலும் இதிற் சிறு பங்கே. முள்ளோடு உண்ணும் நெத்தலிக் கருவாடும் நல்லது. ஆயினும் தோட்டத்து அடுப்பிற் கோதுமை ரொட்டிதான் பெரும்பாலும் வேகின்றது.

இங்கு ஒரு வேடிக்கையும் உண்டு. ஆடி ஆவணியில் வீசும் வறண்ட காற்றில் ஊவாத் தேயிலை தனி மணம் பெறுகின்றது. உலகச் சந்தையில் அதற்குப் பெயர் வாங்கித் தருவதும் அம்மணமே. அம்மணத்தைத் தரும் பொருள்களுள் ஒன்றான மெதைல் சலிசிலேற்றுத்தான் முழங்கால் நோவுக்குப் பூசும் தைலங்கள் பலவற்றிலும் இருக்கின்றது. முதியவள் மாலையிற் காலிற் தேய்ப்பதும், இளமையில் அவள் கிள்ளிய கொழுந்தில் மணத்ததும் ஒரு பொருளே. தைலம் தோலுக்கும் தசைக்கும் இதமளிக்கும். மச்சைக்கு அது எட்டாது. நோவு நீங்கியதனால் எலும்பு உறுதியாயிற்று என்று எண்ணலாகாது. எலும்புத் தேய்வு முறியும் நாள்வரை பேசாத நோய்.

எனவே, இலேசாக விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட முதியவரும், சில ஆண்டுகளில் உயரம் குறைந்துவிட்ட முதியவரும் முறிவு பொருந்தியதோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் எலும்பின் உறுதியைப் பற்றிக் கேட்டல் வேண்டும். வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேற்று மாத்திரை எலும்பை அரிக்கும் கலங்களை அடக்குகின்றது. கட்டும் கலங்களின் செவியை அது திறப்பதில்லை. ஸ்கிளிரோஸ்டினின் கதையிலிருந்து பிறந்த மருந்து வேறு வகையானது. தென்னாபிரிக்காவில் சில குடும்பத்தாருக்கு எலும்பு அளவுகடந்து தடிப்பதை ஆராய்ந்தபோது, அவர்களுடைய உடலில் அப்புரதமே உண்டாவதில்லை என்று 2001-இல் தெரியவந்தது. அப்புரதத்தை மறிக்கும் ரொமொசொசுமாப் என்ற ஊசிமருந்து 2019-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. நடக்காமலே நடந்த செய்தியைக் கலங்களுக்குச் சொல்லும் மருந்து அது எனலாம். மாதம் ஒருமுறையாக ஓராண்டு மட்டுமே அதனைக் கொடுப்பர். இதயநோய் கண்டவர்களுக்குக் கொடுக்கத் தயங்குவர். ஓராண்டு முடிந்தபின் அரிப்பை அடக்கும் பழைய மாத்திரையையோ அதுபோன்ற வேறொன்றையோ தொடராவிடின், சேர்ந்த எலும்பு மீண்டும் கரையத் தொடங்குகின்றது.